காதடியில் ஒரு சுரப்பி

ஒன்பதாம் வகுப்புக்குத் திசுக்கள் பாடம் நடத்தும்போது என் முகத்தைத்தான் எடுத்துக்காட்டாகக் காட்டுவேன். படம் வரைந்து பாகம் குறிப்பதெல்லாம் பிறகு. முதலில் என் கன்னத்தைக் கிள்ளிக் காட்டுவேன். மேலே தெரிகிற தோல் எபிதீலியத் திசு, அது காவல் வேலை பார்க்கிறது. கிள்ளினால் கையோடு வருகிறதே, அந்தக் கொழுப்பும் நாரும் இணைப்புத் திசு, மற்றதையெல்லாம் சேர்த்துக் கட்டிவைப்பது அது. இப்போது சிரிக்கிறேன் பாருங்கள், இழுப்பது தசைத் திசு. 'சிரி' என்று தசைக்குச் சொல்லி அனுப்புவது நரம்புத் திசு. பாடம் முடிந்தது. பரீட்சையில் நாலில் ஒன்று மறந்துபோனால் உங்கள் முகத்தைத் தொட்டுப் பாருங்கள் என்பேன். பிள்ளைகள் வினாத்தாளை வைத்துக்கொண்டு கன்னத்தைக் கிள்ளிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை மேற்பார்வைக்குப் போன ஆசிரியர்கள் ஆசிரியர் அறையில் வந்து சொல்லிச் சிரிப்பார்கள்.

இப்போது அப்படிக் காட்ட முடியாது. என் முகத்தின் இடது பாதியில் அந்த நாலில் இரண்டு வேலை செய்வதில்லை. தோல் இருக்கிறது, கொழுப்பும் இருக்கிறது. நரம்பு இல்லை. நரம்பு இல்லாததால் தசை இருந்தும் பயனில்லை. எங்கள் வீட்டில் இதை 'ஆபரேசன்ல ஆன கோளாறு' என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார்கள். கேட்கிறவர்களும் ஆபரேசன் பண்ணிய மதுரை டாக்டரைத் திட்டிவிட்டு, காபி குடித்துவிட்டுப் போகிறார்கள். அந்த டாக்டர் பாவம். அவர் கைக்கு நான் போய்ச் சேர்வதற்கு முன்பே காரியம் கெட்டுப்போயிருந்தது.

ஒரு நாள் காலையில் பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் தோட்டின் திருகாணியைத் திருகும்போது, இடது காது மடலுக்குக் கீழே ஏதோ உருண்டையாகத் தட்டுப்பட்டது. மொச்சைப் பயறு அளவு இருக்கும். அமுக்கினால் வலிக்கவில்லை. விரலுக்கு அடியில் லேசாக நகர்ந்தது. காய்ச்சல் இல்லை, பல்வலி இல்லை. அன்று மதியமே ஆய்வகத்தில் தொங்கும் சுரப்பிகள் படத்தின் முன்னால் போய் நின்றேன். அந்த இடத்தில் இருப்பது எச்சில் சுரப்பி. வாய்க்கு எச்சிலைக் கொண்டுவரும் மூன்று ஜோடிச் சுரப்பிகளில் அதுதான் பெரியது. பாடப்புத்தகம் மேலண்ணச் சுரப்பி என்று சொல்லும். நான் வகுப்பில் காதடிச் சுரப்பி என்பேன், பிள்ளைகளுக்கு இடம் மறக்காமல் இருக்கும். நாளம் உள்ளது, நாளம் இல்லாதது என்று சுரப்பிகளில் இரண்டு ரகம். தைராய்டு, பிட்யூட்டரி எல்லாம் நாளம் இல்லாத ரகம், சுரந்ததை நேராக ரத்தத்தில் கலந்துவிடும். காதடிச் சுரப்பி அப்படி இல்லை, தனக்கென்று ஒரு குழாய் வைத்துக்கொண்டு, சுரந்ததைக் கடைவாய்ப் பக்கம் கொண்டுபோய் ஊற்றும். இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்து என்ன ஆகப்போகிறது?

வீட்டில் சொன்னேன். வீடு என்றால் என் கணவரும் அவருடைய அக்காவும். நாத்தனார் பக்கத்து வீட்டில் இருக்கிறாள். எழுத்திலாவது 'இருக்கிறாள்' என்று எழுதிக்கொள்கிறேனே, நேரில் 'மதினி, நீங்க' தான். தாய் இல்லாத என் கணவரை இடுப்பில் தூக்கிச் சுமந்து வளர்த்தவள் அவள். புருசனை இளவயதிலேயே பறிகொடுத்தவள். அவளுக்கு ஒரே மகள். உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் நடுவில் எங்களுக்கு இருக்கிற திராட்சைத் தோட்டத்தில் எப்போது கொடியை வெட்டிக் கவாத்துப் பண்ண வேண்டும், எப்போது மருந்தடிக்க வேண்டும் என்பதில் தொடங்கி, என் மகன் எந்தக் கல்லூரியில் சேர வேண்டும் என்பது வரைக்கும் அவள் வைத்ததுதான் சட்டம். மகன் இப்போது கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறான். அவன் தப்பித்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாத்தனார் என் முகவாயைப் பிடித்து அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தாள். சந்தையில் மாட்டைப் பார்க்கிற மாதிரிதான். பார்த்துவிட்டு, இது பொன்னுக்கு வீங்கி என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

எங்கள் பக்கத்தில் பிள்ளைகளுக்குக் கன்னம் வீங்கிக் காய்ச்சல் வருகிற நோய்க்கு அந்தப் பெயர். வந்தால் தங்கச் சங்கிலி ஒன்றைப் பிள்ளையின் கழுத்தில் போட்டுவிடுவார்கள். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பத்துப் போடுவார்கள். சில நாளில் வீக்கம் வற்றிவிடும். பொன் போட்டதால் வற்றியது என்பார்கள். போடாவிட்டாலும் வற்றும், அது வைரஸால் வருகிற தொற்று, வந்த மாதிரியே போய்விடும். இதை நான் பிள்ளைகளுக்கு வருடா வருடம் சொல்லிக்கொடுக்கிறேன். நாத்தனாருக்கும் சொன்னேன். பொன்னுக்கு வீங்கி என்றால் வலிக்கும், காய்ச்சல் அடிக்கும், வாயைத் திறக்க முடியாது, இது அப்படி எதுவும் இல்லை என்றேன். அதுவும் போக, என் கழுத்தில்தான் தாலிச் சங்கிலி கிடக்கிறதே, பொன்னுக்கு இங்கே என்ன குறை என்றும் கேட்டேன்.

"அது புகுந்த வீட்டுப் பொன்னு, ஆத்தா," என்றாள். "இது பெறந்த வீட்டுப் பொன்னுக்குல்ல ஏங்கி வீங்கியிருக்கு."

எச்சில் சுரப்பிக்குப் பிறந்த வீடு, புகுந்த வீடு தெரியும் என்று நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லை. கணவரைப் பார்த்தேன். அவர் கைபேசியில் திராட்சை விலை பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நிமிராமலே சொன்னார்.

வடுகபட்டியில் பூண்டுக் கமிஷன் கடை வைத்திருக்கும் என் தம்பிக்கு நாத்தனாரே போன் போட்டாள். உன் அக்காவுக்குக் கழுத்து வீங்கிக் கிடக்கிறது, பிறந்த வீட்டிலிருந்து ஒரு சங்கிலி போட்டால் சரியாகிவிடும் என்று, ஏதோ ஊறுகாய் கேட்கிற மாதிரி கேட்டாள். அடுத்த வாரமே அவன் வந்துவிட்டான். சட்டையில் பூண்டு வாசனையோடு, கையில் சிவப்பு வெல்வெட் பெட்டியோடு வாசலில் நின்றான். அவனுக்கும் வளர்ந்த பெண் பிள்ளை இருக்கிறது. அந்தச் சங்கிலிக்கு அவன் எதை ஒத்திப்போட்டான் என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. நாத்தனார் சங்கிலியைக் கையில் வாங்கி எடை பார்க்கிற மாதிரி ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு, அவனையே என் கழுத்தில் போட்டுவிடச் சொன்னாள். போடும்போது அவன் விரல் கட்டியில் பட்டது. பட்டதும் அவன் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

"ஆஸ்பத்திரியில காட்டுனியாக்கா?" என்றான் தணிந்த குரலில்.

இத்தனை நாளில் என்னிடம் அதைக் கேட்ட ஒரே ஆள் அவன்தான். நான் வாயைத் திறப்பதற்குள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் மாப்ளே, நீ கவலைப்படாமல் சாப்பிட்டுவிட்டுப் போ என்று என் கணவர் அவன் தோளில் கை போட்டுக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்கள்.

சங்கிலி கழுத்தில் கிடந்தது. கட்டியும் அதன் பாட்டுக்குக் கிடந்தது. மொச்சை நெல்லிக்காய் ஆயிற்று. ஆசிரியர் அறையில் புதுச் சங்கிலியைப் பார்த்துவிட்டு, என்ன டீச்சர், வீட்டுக்காரர் வாங்கிக்கொடுத்தாரா என்று கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். வீக்கம் வற்றாததற்கு நாத்தனாரிடம் ஒவ்வொரு மாதமும் ஒரு காரணம் இருந்தது. சங்கிலி மெல்லிசாகப் போய்விட்டது என்றாள். செவ்வாய்க்கிழமை போட்டதால்தான் பிடிக்கவில்லை என்றாள். குளிக்கும்போது கழற்றி வைக்கிறேன், அதனால்தான் என்றாள். எந்தக் காரணத்திலும் பொன்மேல் குற்றம் வராதபடி பார்த்துக்கொண்டாள். பத்துப் போட்டுப் போட்டு என் கன்னம் மஞ்சள் பூத்துப்போனதுதான் மிச்சம்.

நீதான் சம்பளம் வாங்குகிறாயே, நீயே போய்க் காட்ட வேண்டியதுதானே என்று இதைப் படிக்கிறவர்கள் கேட்கலாம். சம்பளம் என் பெயரில்தான் வருகிறது. அதை எடுக்கிற அட்டை என் கணவரின் சட்டைப்பையில் இருக்கிறது. அதை ஒரு தடவை, விடைத்தாள் திருத்துகிற வேலையாகத் தேனிக்குப் போகிறேன், சாப்பாட்டுக்கு வேண்டும் என்று பொய் சொல்லி வாங்கிக்கொண்டு போனேன். படித்துப் பட்டம் வாங்கி, ஊர்ப் பிள்ளைகளுக்கு உடம்பைப் பற்றிப் பாடம் சொல்கிற ஒருத்தி தன் உடம்பைக் காட்டப் பொய் சொல்லிவிட்டுப் போக வேண்டியிருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிகிறது.

தேனியில் காது மூக்கு தொண்டை டாக்டர் ஒரு பெண். என்னைவிட வயதில் சிறியவர். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, கட்டி சுரப்பிக்குள்ளேயே இருக்கிறது என்றார். பார்த்தால் சாதுவான கட்டி மாதிரிதான் தெரிகிறது, ஆனாலும் ஊசியால் கொஞ்சம் எடுத்துச் சோதித்துவிட்டு ஆபரேசன் பண்ணி எடுத்துவிட வேண்டும், விட்டுவைத்தால் குணம் மாறலாம் என்றார். நான் உயிரியல் டீச்சர் என்று தெரிந்ததும் விளக்கமாகவே சொன்னார். முகத்தை அசைக்கிற நரம்பு காதுக்குப் பின்னாலிருந்து வந்து, இந்தச் சுரப்பிக்குள் நுழைந்து, அதற்குள்ளேயே ஐந்தாகப் பிரிந்து, நெற்றிக்கும் கண்ணுக்கும் கன்னத்துக்கும் உதட்டுக்கும் தாடைக்கும் போகிறது. தன் உள்ளங்கையைத் தன் காதடியில் வைத்து ஐந்து விரலையும் முகத்தில் விரித்துக் காட்டினார். நானும் ஒரு காலத்தில் பரீட்சைக்காகப் படித்ததுதான். ஒரு கை என் முகத்தைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது.

"முகம் கோணிரும்னு பயப்படாதீங்க டீச்சர். இப்ப சின்னதா இருக்கு, நரம்புல படாம எடுத்துரலாம். பெருசானா என்னால உறுதி சொல்ல முடியாது," என்றார். மதுரையில் யாரிடம் போக வேண்டும் என்று எழுதிக்கொடுத்து, கணவரைக் கூட்டிக்கொண்டு சீக்கிரம் போகச் சொன்னார்.

அன்று சாயங்காலம் ஸ்கேனை எடுத்து இருவர் முன்னாலும் வைத்தேன். பொய் சொல்லிவிட்டுப் போனதற்குக் கணவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். நாத்தனார் ஸ்கேனைத் தொடவே இல்லை. ஊசி என்ற சொல்லைக் கேட்டதுமே அவள் முகம் வெளுத்துவிட்டது.

"கத்தி பட்டுத்தான் எங்க வீட்டு ஆளு போனாக," என்றாள், தன் கழுத்தைத் தொட்டுக் காட்டி. "இங்கன ஒரு கட்டி இருந்துச்சு. அறுக்கிற வரைக்கும் தோட்டத்துக்குப் போயிட்டு வந்துக்கிட்டுத்தான் இருந்தாக. அறுத்ததும் ஒடம்பு பூராம் பரவிருச்சு. நான் உசுரோட இருக்கிற வரைக்கும் இந்த வீட்ல ஒருத்தர் மேல கத்தி வைக்க விடமாட்டேன்."

அந்த பயம் பொய் இல்லை. அவள்மேல் எனக்கு இருக்கிற கோபத்தில் இந்த ஒன்றை மட்டும் கழித்துக்கொள்கிறேன். ஆனால் பயப்பட்டவள் அவள், முகம் என்னுடையது. அவருக்கு ஏற்கெனவே பரவியிருந்திருக்கும், அறுத்ததால் பரவவில்லை, ஊசியால் எடுப்பதால் ஒன்றும் ஆகாது என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன். நரம்பு எந்த வழியாகப் போகிறது என்று டாக்டர் காட்டிய மாதிரியே கையை முகத்தில் வைத்துக் காட்டினேன். நாள் போனால் என் முகம் போய்விடும் என்று வெளிப்படையாகவே சொன்னேன். டீச்சரம்மா வீட்டிலும் பாடம் நடத்துறாக என்று நாத்தனார் சுவரைப் பார்த்துச் சொன்னாள். என் கணவர் அதற்குச் சிரித்தார்.

அவர் மாட்டேன் என்று ஒருநாளும் சொல்லவில்லை. அப்படிச் சொல்கிற ஆள் இல்லை. தோட்டத்தில் காய் இறங்கட்டும் என்றார். காய் இறங்கியதும் கவாத்து முடியட்டும் என்றார். கவாத்து முடிந்ததும் நாத்தனார் மகளுக்கு போடியில் மாப்பிள்ளை அமைந்தது. கல்யாணம் வைத்திருக்கிற வீட்டில் கத்தி, ரத்தம் என்று பேசலாமா என்றார்கள். அதோடு, இந்த வீட்டில் கட்டி வந்து படுத்திருக்கிறார்கள் என்று மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தால், குடும்பத்திலேயே இருக்கிற நோய் போல என்று பெண்ணை வேண்டாம் என்றுவிடுவார்களாம். நான் அந்தக் குடும்பத்து ரத்தமே இல்லை. மரபியல் பாடமும் நான்தான் நடத்துகிறேன். யாரிடம் சொல்ல?

கல்யாணத்துக்கு முந்தின வாரம் நாத்தனார் வந்து அந்தச் சங்கிலியைக் கேட்டாள். உன் கழுத்தில் அது வேலை செய்யவில்லை, சும்மாதானே கிடக்கிறது, பெண்ணுக்குப் போட்டால் நிறைவாக இருக்கும் என்றாள். கழற்றிக் கொடுத்தேன். பிறந்த வீட்டுப் பொன்னுக்கு ஏங்கியதாகச் சொல்லப்பட்ட என் கழுத்து அதன்பிறகு யாருக்கும் கவலையாக இல்லை. என் தம்பி கல்யாணத்துக்கு வந்திருந்தான். மணமேடையில் மணப்பெண் கழுத்தில் அதைப் பார்த்தான். சாப்பிடாமல் போய்விட்டான்.

அன்றைக்குக் கட்டி தெரியக் கூடாது என்று எனக்கு இடது பக்கம் கொண்டையைத் தாழ இறக்கி, காதை மூடி மல்லிகையும் கனகாம்பரமுமாக ஒரு பந்து வைத்துவிட்டார்கள். போட்டோக்காரரிடம் என்னை வலது பக்கமாக எடுக்கச் சொல்லியிருந்தார்கள். வீடியோவில் ஓர் இடத்தில் யாரோ ஏதோ கேலி பேச, நான் வாய்விட்டுச் சிரிக்கிறேன். இரண்டு கன்னமும் ஒன்றுபோல ஏறுகின்றன, இரண்டு கண்ணும் சுருங்குகின்றன. என் முழுச் சிரிப்பு பதிவானது அதில்தான் கடைசி. அதை ஒரு தடவை பார்த்தேன். இன்னொரு தடவை பார்க்க எனக்கு நெஞ்சுரம் இல்லை.

கல்யாணம் முடிந்த கொஞ்ச நாளில் இடது கண்ணிமை துடிக்க ஆரம்பித்தது. நல்ல சகுனம் என்றாள் நாத்தனார். பெண்களுக்கு இடது கண் துடித்தால் நல்லதாம். பிறகு காலையில் வாய் கொப்பளித்தால் தண்ணீர் இடது ஓரத்தில் ஒழுகியது. கண்ணாடியில் பார்த்தேன். உதட்டின் அந்த முனை ஒரு நூல் இறங்கியிருந்தது. நான் சத்தம் போட்டு அழுததைப் பார்த்த பிறகுதான் என் கணவர் பயந்துபோய் மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

மதுரை டாக்டர் பெரியவர், அதிகம் பேசாதவர். தேனியில் எடுத்த பழைய ஸ்கேனையும் புதிதாக எடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இடையில் இவ்வளவு நாள் என்ன செய்தீர்கள் என்று கேட்டார். என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பதில் சொல்ல வேண்டியது நான்தான் என்பது போலப் பார்த்தார். பொன் போட்டுப் பார்த்தோம் சார் என்றேன். டாக்டர் நான் விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, விளையாடுகிற விஷயமா அம்மா இது என்று கடிந்துகொண்டார்.

கட்டியின் ஓர் ஓரம் குணம் மாறியிருந்தது. நரம்பைச் சுற்றிப் பிடித்திருந்தது. நரம்பை விட்டுவைத்தால் உயிருக்கு ஆபத்து, எடுத்தால் முகம் போகும் என்று ஆபரேசனுக்கு முன்னாலேயே எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொல்லிவிட்டார். சொன்னபடியே எடுத்தார். உயிர் பிழைத்தேன். வருடம் ஒரு தடவை போய்க் காட்டினால் போதும். உயிர் பிழைத்ததே பெரிது என்று பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். பெரிதுதான். ஆனால் அதைச் சொல்கிறவர்கள் யாரும் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

இடது கண் தானாக மூடாது. சொட்டு மருந்து விட்டு, இமையை விரலால் இழுத்து, பிளாஸ்திரி ஒட்டிவிட்டுத்தான் படுக்க வேண்டும். கன்னம் தொங்கிவிட்டது. உதடு சேராததால் ப-வும் ம-வும் காற்றாகப் போகின்றன. என் பாடத்தில் பாக்டீரியாவும் பாலூட்டியும் மைட்டோகாண்ட்ரியாவும் இல்லாமல் ஒரு பக்கம் நகராது. பள்ளிக்குத் திரும்பிய பிறகு, அந்த வருடத் திசுக்கள் பாடம் வந்தது. முதல் நாள் பழக்க தோஷத்தில் கன்னத்தைக் கிள்ளிக் காட்டினேன். அடுத்த வரியும் வாயில் வந்துவிட்டது. இப்போது சிரிக்கிறேன் பாருங்கள் என்றுவிட்டேன். வகுப்பு முழுக்கக் குனிந்துகொண்டது. ஒரு பிள்ளைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. சத்தம் போட்டுச் சிரித்திருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். கரும்பலகைப் பக்கம் திரும்பி, எலும்புத் தசை, மென்தசை, இதயத் தசை என்று எழுதினேன். எலும்புத் தசைக்கு எதிரே, நம் விருப்பப்படி இயங்குவது என்று எழுதும்போது கை நின்றுவிட்டது.

பள்ளித் தாளாளர் நல்ல மனிதர்போலத்தான் பேசினார். உங்களுக்குச் சிரமம் வேண்டாம் டீச்சர் என்றார். என் வகுப்புகளுக்கு டிஜிட்டல் பலகையில் வீடியோ போடுகிறார்கள். சென்னையில் யாரோ ஒரு பெண் கணீரென்ற குரலில் சுரப்பிகள் நடத்துகிறாள். எனக்கு அலுவலகத்தில் மாற்றுச் சான்றிதழ் எழுதுகிற வேலை. அந்தப் பக்கமாகப் போகும்போது அவள் குரல் கேட்கும். நன்றாகத்தான் நடத்துகிறாள். எனக்கு அவளைப் பிடிக்கவில்லை.

சுரப்பியை எடுத்த இடத்தில் இன்னொரு வேடிக்கையும் நடந்தது. எச்சில் சுரக்கச் சொல்லி வந்துகொண்டிருந்த மெல்லிய நரம்பு இழைகள், சுரப்பி இல்லாததால் எங்கே போவது என்று தெரியாமல் வளர்ந்து, கன்னத்துத் தோலில் இருக்கும் வியர்வைச் சுரப்பிகளோடு போய்ச் சேர்ந்துவிட்டன. அதுவும் நாளம் உள்ள சுரப்பிதான், இதுவும் நாளம் உள்ள சுரப்பிதான், அந்த இழைகளுக்கு வித்தியாசம் தெரியவில்லை. அதனால் சோற்றில் கை வைத்தால், புளிக்குழம்பு வாசனை வந்தால்கூட, என் இடது கன்னம் சிவந்து வியர்த்துக் கொட்டுகிறது. வாயில் ஊற வேண்டியது கன்னத்தில் வழிகிறது. இப்படி ஆவதுண்டு என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். வீட்டிலும் சொன்னேன். ஆனாலும் விருந்தாளிகள் முன்னால் நான் முந்தானையால் கன்னத்தைத் துடைத்தால், சோத்துத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து தினமும் அழுதால் வீடு விளங்குமா என்று நாத்தனார் முணுமுணுக்கிறாள். இப்போதெல்லாம் நான் அலுவலகத்தில் கதவைச் சாத்திக்கொண்டுதான் சாப்பிடுகிறேன்.

போன தை மாதம் ஒரு நாள், என் கணவர் சவரம் பண்ணும்போது தாடைக்குக் கீழே ஒரு கட்டி தட்டுப்பட்டிருக்கிறது. என்னிடம் சொல்வதற்கு முன்னால் அக்காவிடம் காட்டியிருக்கிறார். மதியம் பள்ளிக்கு எனக்கு போன் வந்தது. விழுந்தடித்து ஓடிவந்தேன். அதற்குள் வாசலில் வாடகைக் கார் வந்து நிற்கிறது. நாத்தனார் பையில் துணிமணி எடுத்து வைத்துக்கொண்டு, தலையைக்கூட வாராமல், பின் சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

"மதுரைக்கே போயிருவோம் தம்பி. ஊசியோ கத்தியோ, டாக்டரு என்ன சொல்றாகளோ அதக் கேப்போம். நாளக் கடத்துனா இவளுக்கு ஆன மாதிரி ஆயிரும்," என்றாள். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

நானும் ஏறினேன். என்ன இருந்தாலும் அந்த மனிதரோடுதான் இத்தனை வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறேன். எனக்கு வந்தது அவருக்கு வரக் கூடாது என்று தெரிந்த சாமியையெல்லாம் கும்பிட்டுக்கொண்டே போனேன். இதை யாரும் நம்ப வேண்டாம், உண்மை அதுதான்.

அதே டாக்டர். முதலில் என் கண் எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டுத்தான் அவரைப் பார்த்தார். தாடையைத் தடவினார். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தார். ஸ்கேனும் பார்த்தார். இது சுரப்பியே இல்லை, நெறி கட்டியிருக்கிறது, அவ்வளவுதான் என்றார். கடைவாய்ப் பல் ஒன்று சொத்தையாகிச் சீழ் வைத்திருந்தது. அந்தக் கிருமியோடு சண்டை போட்டு நிணநீர் முடிச்சு வீங்கியிருக்கிறது. அது தன் வேலையைத்தான் பார்க்கிறது, பல்லைப் பிடுங்கினால் தானாக வற்றிவிடும் என்றார்.

நாத்தனார் டாக்டரின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள். என் கணவர் நாற்காலியில் சாய்ந்து, வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். சொத்தைப் பல்லும் தெரிந்தது. எனக்குத் தலையிலிருந்த பாரம் இறங்கியது. அவரைப் பார்த்து நானும் சிரித்தேன்.

திரும்பி வரும்போது என் கணவர் முன் சீட்டில் டிரைவரோடு பூச்சிமருந்து பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். நான் பின்னால் வலது பக்கம், நாத்தனார் என் இடது பக்கம். உசிலம்பட்டியில் நிறுத்தி எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். வண்டி மறுபடி கிளம்பியதும் நாத்தனார் என் முகத்தை உற்றுப் பார்ப்பது தெரிந்தது.

"பாத்தியா தம்பி," என்றாள். "ஒண்ணுமில்லன்னு டாக்டரு சொன்னாக. நான் அழுதே போனேன். இவ மொகத்துல ஒரு சந்தோசம் தெரிஞ்சுச்சா?"

"அவ எப்பவும் அப்பிடித்தானக்கா," என்றார் என் கணவர், திரும்பிப் பார்க்காமலே.

அப்போதும் நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.